வெல்டருக்கு மேலே யார்? ஒரு சான்றிதழின் வரலாறு

பம்பாய்ப் பஞ்சாலைகளில் நல்ல கூலி கிடைத்த இடம் நெசவுப் பிரிவு. தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் அதற்குள் நுழைய முடியாது. காரணம் என்ன தெரியுமா? தறி நாடாவில் புது நூலை மாட்டும்போது அதை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தலித் தொழிலாளியின் எச்சில் பட்ட நாடாவைச் சாதி இந்து தொடமாட்டார். அதனால் நம் மக்கள் கூலி குறைந்த நூற்புப் பிரிவிலேயே நிறுத்தப்பட்டார்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் வைத்த கேள்வி இதுதான். முதலாளியை எதிர்த்துக் கொடி பிடிக்கிறவர்கள் நெசவுப் பிரிவின் கதவை ஏன் திறக்கவில்லை?

ஆலைக்குள் இடம் கிடைப்பது ஒன்று, எந்தப் படியில் கிடைக்கிறது என்பது இன்னொன்று. வெல்டிங் தொழிலின் வரலாற்றை நாம் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

கொல்லுப்பட்டறைக்குப் பரம்பரை உண்டு. அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் தொழில் அது. வெல்டிங்குக்குப் பரம்பரை கிடையாது. ரிவிட் அடித்துச் சேர்த்த இரும்பை மின்சாரத்தால் உருக்கிச் சேர்க்கும் வேலை 20 ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. எந்தச் சாதிக்கும் சொந்தமில்லாத தொழில் என்பதால், நம் பிள்ளைகளுக்கு அதில் ஒரு வாசல் இருந்தது.

அந்த வாசலின் அருமையை அண்ணல் முன்பே கண்டுகொண்டார். 1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அதே ஆண்டு அக்டோபரில், பட்டியல் சாதியினரின் குறைகளைப் பற்றி வைஸ்ராய்க்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தார். சட்டமும் கலையும் படித்தால் மட்டும் போதாது, அறிவியலும் தொழில்நுட்பமும் வேண்டும் என்பது அவர் வாதம். வெளிநாட்டுப் படிப்புக்கு உதவித்தொகை கேட்டார். அதோடு நிற்கவில்லை. அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் இளைஞர்களைப் பயிற்சியாளர்களாகச் சேர்க்கவும் கேட்டார். பல்கலைக்கழகத்தையும் பட்டறையையும் அவர் ஒரே மூச்சில் கேட்டதை நாம் மறந்துவிடக் கூடாது.

பிறகு படிகள் ஒவ்வொன்றாக வந்தன. 1950 இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கி ஐடிஐக்கள் வந்தன. 1956 இல் தேசியத் தொழிற்பயிற்சிக் குழு அமைந்தது. அதன் சான்றிதழுக்கு நாடு முழுவதும் மதிப்பு கிடைத்தது. 1961 இல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. அதில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கும் 3ஏ பிரிவு 1973 ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் சேர்ந்தது. சட்டம் வந்து 12 ஆண்டுகள் கழித்து! தானாக எதுவும் கிடைப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்னொரு பக்கம் கொதிகலன். 1863 இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்தது. மறு ஆண்டே வங்கத்தில் கொதிகலன் சோதனைக்குச் சட்டம் போட்டார்கள். 1923 இல் இந்தியா முழுமைக்கும் கொதிகலன்கள் சட்டம் வந்தது. அதன் கீழ் 1950 இல் விதிமுறைகள் வந்தன. கொதிகலனில் பற்றவைப்பவர் தேர்வு எழுதித் தகுதிச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்கிறது அந்த விதி.

அந்தத் தேர்வு எப்படி நடக்கும்? இரண்டு குழாய்த் துண்டுகளைக் கொடுப்பார்கள். கிடையாக, நிமிர்த்தி, அல்லது 45 டிகிரி சாய்த்து மாட்டிவிடுவார்கள். சாய்த்து மாட்டுவதைத்தான் பட்டறையில் சிக்ஸ்-ஜி என்கிறோம். குழாயை அசைக்கக் கூடாது, வெல்டர்தான் சுற்றி வந்து வேலையை முடிக்க வேண்டும். அடித்தையலான ரூட் உள்ளே சரியாக உருகி இறங்க வேண்டும். ஊதுளையோ ஸ்லாக்கோ இருந்தால் எக்ஸ்ரே ஃபிலிமில் தெரிந்துவிடும். வெட்டி வளைத்தும் பார்ப்பார்கள், விரிசல் விட்டால் ஃபெயில்.

எக்ஸ்ரே ஃபிலிமில் சாதி தெரியாது. ஊர்ப்பெயரும் தெருப்பெயரும் கேட்டு எடைபோடுகிற மேஸ்திரிகளை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களால் இந்த ஃபிலிமைத் திருத்த முடியாது. சான்றிதழ் நமக்கு வெறும் காகிதமாக இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

1965 இல் திருச்சி திருவெறும்பூரில் பெல் கொதிகலன் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 1975 இல் அங்கேயே பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் வந்தது. ஒரு கொதிகலனுக்கு ஆயிரக்கணக்கான இணைப்புகள், ஒவ்வொன்றுக்கும் தேர்ந்த கை வேண்டும். அனல் மின் நிலையங்களுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போன வெல்டர்களில் நம் தெருப் பிள்ளைகளும் உண்டு. குடிசை இருந்த இடத்தில் மாடி வீடு எழுந்தது பல இடங்களில் இந்தச் சான்றிதழால்தான்.

ஆனால் அடுத்த படி எங்கே?

வெல்டருக்கு மேலே ஆய்வாளர் இருக்கிறார். சேதப்படுத்தாமல் சோதிக்கும் துறையில் மூன்று நிலைகள். முதல் நிலைக்காரர் சொன்னபடி சோதனை செய்வார், இரண்டாம் நிலைக்காரர் ஃபிலிமைப் படித்து முடிவெழுதுவார், மூன்றாம் நிலைக்காரர் சோதனை முறையையே வகுப்பார். அமெரிக்க வெல்டிங் சங்கம் 1976 முதல் வெல்டிங் ஆய்வாளர் சான்று தருகிறது. அதற்கு அடிப்படை அறிவு, செய்முறை, கோடு புத்தகம் என மூன்று தேர்வுகள். படிப்பு குறைந்தவருக்கும் அதில் வழி உண்டு, அனுபவ ஆண்டுகள் மட்டும் கூடுதலாகக் கேட்பார்கள். கண் புகையில் எரிய, முதுகு வளைய, 40 வயதுக்கு மேல் குழாய்க்கு அடியில் படுக்க முடியாத வெல்டருக்கு இதுதான் இயல்பான அடுத்த இடம். எந்த இணைப்பு தேறும், எது தேறாது என்பது அவருக்குக் கைப்பழக்கத்திலேயே தெரியும்.

ஆனாலும் அந்த நாற்காலியை நோக்கிப் போகும் வழியில் ஏணி உடைந்து கிடக்கிறது. ஐடிஐயில் ஃபிட்டர் படிப்பு இரண்டு ஆண்டு, பத்தாம் வகுப்பு வேண்டும். வெல்டர் படிப்பு ஓராண்டு, எட்டாம் வகுப்பு போதும். வறுமையில் பள்ளியை விட்ட பிள்ளைக்குக் கைக்கு எட்டுவது வெல்டர் படிப்புதான். ஆனால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரப் பத்தாம் வகுப்போடு இரண்டாண்டு ஐடிஐ கேட்கிறது விதி. எளிதாகத் திறந்த அதே வாசல், மேலே போகும்போது சுவராகிவிடுகிறது. மேலே உள்ள தேர்வுகளும் கோடு புத்தகங்களும் ஆங்கிலத்தில், கட்டணமோ மாதச் சம்பளத்தை விழுங்கும் அளவில். இங்கே யாரும் எச்சிலைக் காரணம் சொல்வதில்லை, விதிமுறையைச் சொல்கிறார்கள். விளைவு மட்டும் பம்பாய் ஆலையை நினைவூட்டுகிறது: நாம் பற்றவைக்கிறோம், வேறொருவர் கையெழுத்திடுகிறார்.

எனவே நாம் கேட்பது மூன்று. ஓராண்டு வெல்டர் படிப்பு முடித்தவர் டிப்ளமோவுக்குப் போக இணைப்பு வகுப்பு வேண்டும். ஆய்வுப் பாடங்கள் தமிழில் வேண்டும். ஆய்வாளர் தேர்வுக் கட்டணத்தை, 1974 இல் நமக்காகத் தொடங்கப்பட்ட தாட்கோ போன்ற அமைப்புகள் முழுமையாக ஏற்க வேண்டும்.

வெல்டர் வேலையில் இருக்கும் தம்பிகளுக்கும் ஒரு சொல். பழைய சான்றிதழ்களையும் அனுபவக் கடிதங்களையும் தூக்கி எறியாதீர்கள். காலாவதியாகும் முன் புதுப்பியுங்கள். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதி முடியுங்கள். உங்கள் டெஸ்ட் பீஸின் ஃபிலிமை இன்னொருவர் படிக்கும்போது பக்கத்தில் நின்று, அது என்ன நிழல், இது என்ன கோடு என்று கேளுங்கள். அண்ணல் 1942 இல் பட்டறையைக் கேட்டார், அது கிடைத்தது. அடுத்து, ஃபிலிமைப் படித்துக் கையெழுத்திடும் அதிகாரம் நம் கைக்கு வர வேண்டும்.

ஜெய்பீம்.