மயக்கம் தெளிந்தோர் நினைவுகள்

பொது மயக்க மருந்தின் பிடியிலிருந்து மீளும் நோயாளிக்கு நினைவில் நிற்பவை பெரும்பாலும் சில துண்டுகளே. மயங்குமுன் கடைசியாகப் பார்த்த அறுவை அரங்கின் விளக்கு. அதற்கு அடுத்த கணமே கேட்டதுபோல், பெயர் சொல்லி எழுப்பும் செவிலியரின் குரல். நடுவே கழிந்த மூன்று நான்கு மணி நேரம் கழிந்ததாகவே தெரியாது. தூங்கி எழுந்தவர் எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று ஏறக்குறைய ஊகித்துவிடுவார். மயக்கம் தெளிந்தவருக்கு அந்த ஊகமும் வாய்ப்பதில்லை. தையல் போட்டு முடித்த பிறகு, ‘எப்போது ஆரம்பிக்கப் போகிறீர்கள்?’ என்று கேட்பவர்கள் எல்லா மருத்துவமனைகளிலும் உண்டு.

நினைவு பதியாமல் போவதற்கு ஆழ்ந்த மயக்கம் தேவையில்லை. கத்தி பட்டாலும் உடல் அசையாமலிருக்க எவ்வளவு வாயு மருந்து வேண்டுமோ, அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கிலேயே நோயாளி சொன்னதைச் செய்ய இயலாத நிலைக்குப் போய்விடுகிறார். நினைவு அதற்கும் முன்பே அறுபடத் தொடங்கும். பதற்றம் தணிக்கப் போடும் மிடாசோலம் ஊசியின் வேலையும் இதுவே. சக்கரக் கட்டிலில் சிரித்துப் பேசியபடி போனவர், அரங்குக்குள் போனதே ஞாபகமில்லை என்று மறுநாள் சொல்வார். தெளியும்போதும் இதே கதைதான். தொண்டைக்குள் இருந்த மூச்சுக்குழாயை எடுக்கிறார்கள். நோயாளி கண் திறக்கிறார், கையை இறுக்கிக் காட்டுகிறார், ‘முடிந்துவிட்டதா?’ என்று திரும்பத் திரும்பக் கேட்டு ஒவ்வொரு முறையும் பதிலும் பெறுகிறார். மாலையில் இவற்றில் ஒன்றும் அவருக்குத் தெரியாது. எனவே நோயாளி தம் முதல் நினைவாகச் சொல்வது, விழித்துக்கொண்டு சற்று நேரம் சென்றபின், நினைவு மறுபடி பதியத் தொடங்கிய கணத்தையே குறிக்கும். அந்தக் கணத்தில் பதிபவை தொண்டை எரிச்சல், குளிர் நடுக்கம், வறண்ட நாக்கு, முகத்தில் அழுந்தும் ஆக்சிஜன் முகமூடி போன்றவை.

மயக்கவியலின் தொடக்ககால வரலாறு முழுவதும் இத்தகைய வாக்குமூலங்களின் மேல் எழுந்தது. மருந்து வேலை செய்ததா என்பதற்கு அன்று வேறு சான்று இல்லை. விழித்தவர் சொல்வதே தீர்ப்பு. 1842 மார்ச் 30 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஜெஃபர்சன் ஊரில் கிராஃபர்ட் லாங், ஜேம்ஸ் வெனபிள் என்பவரை ஈதர் முகரவைத்து அவரது கழுத்துக் கட்டியை அகற்றினார். முடிந்துவிட்டது என்றபோது வெனபிள் நம்பவில்லை. வெட்டியெடுத்த கட்டியைக் காட்டிய பிறகே ஒப்புக்கொண்டார். லாங் இதை 1849 வரை அச்சில் வெளியிடாததால் புகழ் வேறொருவருக்குப் போயிற்று.

1844 டிசம்பர் 10 அன்று ஹார்ட்ஃபர்டில் கோல்ட்டன் என்பவர் நடத்திய சிரிப்பூட்டும் வாயுக் காட்சியில், வாயுவை முகர்ந்து துள்ளிய இளைஞர் ஒருவர் காலில் அடிபட்டும் அதை உணராமல் வந்து உட்கார்ந்தார். பார்த்துக்கொண்டிருந்த பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ் மறுநாளே அந்த வாயுவை முகர்ந்து தம் பல்லைப் பிடுங்கச் செய்தார். அடுத்த மாதம் பாஸ்டனில் அவர் மாணவர்கள் முன் செய்து காட்டியபோது நோயாளி கத்திவிட்டார். கூட்டம் எள்ளி நகையாடியது. வழக்கமாக இருக்கும் அளவுக்கு வலி இல்லை என்று அந்த நோயாளி பிறகு சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை. கத்தியது பலர் காதிலும் விழுந்தது, நினைவோ ஒருவரிடம் மட்டுமே இருந்தது.

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுக்க, ஜான் காலின்ஸ் வாரன் ஒரு இளைஞரின் கழுத்துக் கட்டியை அறுத்த நிகழ்ச்சியே மயக்கவியலின் பிறந்த நாளாகக் கொள்ளப்படுகிறது. நோயாளி கில்பர்ட் அபட் விழித்ததும் வலி இல்லை என்றார். ஆனால் கழுத்தைச் சுரண்டுவதுபோல் இருந்ததாகவும், அறுவை நடந்துகொண்டிருந்ததை அறிந்திருந்ததாகவும் சொன்னார். இன்றைய அளவுகோலின்படி இது மயக்கக் குறைவு. அன்று அது வெற்றி. அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று லண்டனில் ராபர்ட் லிஸ்டன், ஃபிரடெரிக் சர்ச்சில் என்ற வீட்டுப் பணியாளரின் காலை அரை நிமிடத்துக்குள் துண்டித்தார். சில நிமிடங்களில் தெளிந்த சர்ச்சில், அறுவை எப்போது தொடங்கும் என்று கேட்டு, வேண்டாம், திரும்பக் கொண்டுபோங்கள் என்று மன்றாடினார். வெட்டுண்ட காலின் எஞ்சிய பகுதியை உயர்த்திக் காட்டியதும் அழுதுவிட்டார்.

மயக்கத்திலிருந்து ஞானம் கொண்டுவந்ததாகச் சொன்னவர்களும் உண்டு. பல் மருத்துவரின் நாற்காலியில் பிரபஞ்ச ரகசியம் புரிந்ததாக நம்பிய பெஞ்சமின் பால் பிளட், 1874இல் அதைச் சிறு நூலாக வெளியிட்டார். தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் அதற்கு மதிப்புரை எழுதியதோடு தாமும் சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்து பார்த்தார். 1902இல் வெளிவந்த சமய அனுபவங்கள் பற்றிய நூலிலும் இவ்வகை நினைவுகளுக்கு இடம் கொடுத்தார். மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1870இல் ஹார்வர்டில் சொன்ன அனுபவம் இவற்றுக்குத் தக்க மறுமொழி. ஈதர் மயக்கத்தில் அனைத்தையும் விளக்கும் பேருண்மை தமக்குப் புலப்பட்டதாகவும், தெளிந்ததும் தட்டுத்தடுமாறி அதை எழுதிவைத்ததாகவும் அவர் கூறினார். தாளில் இருந்தது, எங்கும் கர்ப்பூரத்தைல நெடி வீசுகிறது என்ற ஒரே வரி. மயக்கத்தில் கிடைத்த தரிசனங்களின் மதிப்பு பொதுவாக இவ்வளவுதான்.

1942 ஜனவரியில் மாண்ட்ரியாலில் ஹெரால்டு கிரிஃபித்தும் எனிட் ஜான்சனும் குராரே என்ற தசைத் தளர்த்தியை அறுவை அரங்குக்குக் கொண்டுவந்தபின் நிலைமை மாறிற்று. அதுவரை மயக்கம் போதாவிட்டால் நோயாளி கையை இழுத்துக் காட்டிக்கொடுத்துவிடுவார். இனி உடல் அசையாது, உள்ளே விழித்திருந்தாலும் வெளியே தெரியாது. குராரே மூளையை மயக்காது என்பதை ஸ்காட் ஸ்மித் என்ற மயக்க மருத்துவர் தம் உடலிலேயே அதைச் செலுத்தச் செய்து 1947இல் நிறுவினார். எல்லாத் தசையும் செயலற்ற நிலையிலும் அவர் கேட்டதும் நினைத்ததும் தெளிவாக நினைவில் இருந்தன. 1961இல் ரூத் ஹட்சின்சன் 656 நோயாளிகளை விசாரித்ததில் 8 பேருக்கு அறுவையின் நடுவே நிகழ்ந்தவை நினைவிருந்தன.

நினைவில்லை என்பவருக்குள்ளும் ஏதேனும் புதைந்திருக்குமா என்ற கேள்வியை 1965இல் தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் லெவின்சன் எழுப்பினார். ஆழ்ந்த மயக்கத்திலிருந்த 10 நோயாளிகளின் அருகில், உதடு நீலம் பாய்ந்துவிட்டது, ஆக்சிஜன் தர வேண்டும் என்று மயக்க மருத்துவர் நாடகமாகப் பேசினார். ஒரு மாதம் கழித்து அறிதுயிலில் நால்வர் அந்தச் சொற்களை அப்படியே திருப்பிச் சொன்னதாக லெவின்சன் எழுதினார். இன்று எந்த மருத்துவமனை நெறிக்குழுவும் இதற்கு அனுமதி தராது. இந்த முடிவைப் பின்னர் வந்தவர்களால் அதே தெளிவுடன் காட்ட முடியாததால், இதை ஒரு விந்தைச் செய்தியாகக் கொள்வதே பொருந்தும்.

1970இல் பிரைசும் அவர் கூட்டாளிகளும் வகுத்த வினாக்கள் ஆய்வாளர்களிடையே நிலைத்துவிட்டன: உறங்குமுன் கடைசியாக நினைவிருப்பது எது, விழித்ததும் முதலில் எது, இடையில் ஏதேனும் உண்டா, கனவு வந்ததா. 2007இல் ஆஸ்திரேலியாவில் 300 பேரிடம் கேட்டதில் 22 விழுக்காட்டினர் கனவு கண்டதாகச் சொன்னார்கள். புரோபோஃபால் என்ற மயக்க மருந்து தருபவை பெரும்பாலும் இனிய கனவுகள். கெட்டமைன் மருந்திலிருந்து தெளிபவர்களோ உடலை விட்டு மிதந்ததாகவும் பயங்கர உருவங்களைக் கண்டதாகவும் கூறுவதுண்டு. செவோஃபுளூரேன் முகர்ந்த சிறு குழந்தைகள் தெளியும்போது கதறித் திமிறுவார்கள்; பெற்றோர் அதை மறக்கமாட்டார்கள், குழந்தைக்கோ பெரும்பாலும் நினைவே இராது.

மூளை அலைகளைக் கொண்டு மயக்கத்தின் ஆழத்தைக் கணிக்கும் கருவிகள் 1990களில் வந்தன; ஆனாலும் விழித்தவரைக் கேட்டறியும் வழக்கம் நிற்கவில்லை. ஸ்வீடனில் 11,785 பேரை நேரில் விசாரித்து 2000இல் வெளியான ஆய்வில், தசைத் தளர்த்தி பெற்றவர்களில் 0.18 விழுக்காட்டினருக்கு அறுவை நினைவு இருந்தது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நோயாளிகள் தாமாகச் சொன்னவற்றை மட்டும் கணக்கிட்ட 2014 அறிக்கை 19,000 பேருக்கு ஒருவர் என்றது. பொது மயக்கத்தில் சிசேரியன் செய்துகொண்டோரில் 670 பேருக்கு ஒருவர். கேட்டால் சொல்கிறார்கள், கேட்காவிட்டால் பலர் சொல்வதில்லை என்பதே ஸ்வீடன் ஆய்வுக்கும் 2014 அறிக்கைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம். முந்தைய அறுவையில் இப்படி எதுவும் நினைவில் நின்றிருந்தால், அடுத்த முறை மயக்க மருத்துவர் பார்க்க வரும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும்.