சைக்கிள் ஓட்டிகளின் குரக்கு வலி: உப்பிலிருந்து நரம்புவரை

நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுபவரின் கெண்டைக்காலோ தொடையோ திடீரென்று இறுகிக் கல்லாகி, சில நொடிகளோ சில நிமிடங்களோ விடாமல் பிடித்துக்கொள்வதே குரக்கு வலி எனப்படும் தசைப்பிடிப்பு. பெரும்பாலும் பயணத்தின் கடைசிப் பகுதியில், மேட்டில் ஏறும்போதோ வேகத்தைக் கூட்டும்போதோ வரும். இதற்கு மருத்துவம் சொன்ன காரணம் கடந்த 130 ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. உப்பு என்றார்கள், நீர் என்றார்கள், இப்போது நரம்பு என்கிறார்கள். சாலையோரத்தில் இறங்கி, பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி வளைத்துக் காலை நீட்டும் வைத்தியம் மட்டும் மாறவே இல்லை. ஆய்வுக்கூடம் அந்த வைத்தியத்தின் பொருளைப் புரிந்துகொள்ள ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆனது.

பிரச்சினை பெரிதாகத் தலைகாட்டியது 1891-இல். அந்த ஆண்டு மே மாதம் நடந்த போர்தோ–பாரிஸ் போட்டியில், ஏறத்தாழ 570 கிலோமீட்டரை இங்கிலாந்தின் ஜி. பி. மில்ஸ் ஒரு நாளுக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் ஓட்டி முடித்தார். செப்டம்பரில் ‘லெ பெத்தி ஜூர்னால்’ நாளிதழின் பியேர் ஜிஃபார் நடத்திய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் போட்டி 1,200 கிலோமீட்டர். வென்ற ஷார்ல் தெரோன் சுமார் 71 மணி நேரம் சாலையில் இருந்தார். 1903-இல் தொடங்கிய டூர் தெ பிரான்ஸ் ஆறே கட்டங்களில் 2,428 கிலோமீட்டரைக் கடந்தது. பாரிஸிலிருந்து லியோன்வரையான முதல் கட்டமே 467 கிலோமீட்டர். மனிதக் கால் ஒரே வட்டத்தை எத்தனையோ ஆயிரம் தடவை சுற்ற வேண்டியிருந்தது.

அந்தக் கால்களைப் பார்த்துக்கொள்ள ஒரு தொழிலே உருவானது. ‘சுவாஞ்ஞர்’ என்று பிரெஞ்சில் அழைக்கப்பட்ட அந்த உதவியாளர் வீரருக்கு உணவு கட்டிக்கொடுப்பார், உடலைத் தேய்த்துவிடுவார், சில நேரம் மருந்தும் கலந்து கொடுப்பார். கற்பூரமும் டர்பன்டைனும் கலந்த தைலங்கள் அவருடைய பையில் இருந்தன. இங்கிலாந்தின் எலிமன் நிறுவனம் ஒரு தைலத்தைக் குதிரைக்கும் இன்னொன்றை மனிதருக்கும் விற்றது. குதிரை லாயத்தில் பிறந்த வழக்கம் சைக்கிள் பந்தயத்துக்கு எளிதாக இடம்மாறியது. இந்தத் தொழிலில் மிகவும் பெயர்பெற்றவர் இத்தாலியின் பியாஜோ கவான்னா. பார்வையை இழந்த அவர், சைக்கிள் வீரர் ஃபௌஸ்தோ கோப்பியின் கால்களை விரல் நுனியால் வாசித்தவர் என்று சொன்னால் மிகையாகாது. தைலத்தால் விளைந்த பயன் குறைவுதான். தேய்த்தும் நீட்டியும் விட்ட கையால் விளைந்ததே அதிகம்.

அதே பையில் தீங்கும் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் களைப்பைப் போக்கும் ஊக்கியாகச் சிறிய அளவில் ஸ்ட்ரிக்னின் கொடுப்பது வழக்கமாக இருந்தது. நம் ஊர்க் காடுகளில் வளரும் எட்டி மரத்தின் கொட்டையிலிருந்து கிடைக்கும் நஞ்சு இது. தண்டுவடத்தில் தசைக்குப் போகும் கட்டளைகளை அடக்கி வைக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. ஸ்ட்ரிக்னின் அந்த அடக்கத்தைத் தடுத்து, தசைகள் கண்டபடி இறுகச் செய்யும். அளவு கூடினால் உடல் வில்லாக வளைந்து மரணம் நேரும். தசைப்பிடிப்போடு போராடும் காலுக்கு இதைவிடப் பொருந்தாத மருந்து இருக்க முடியாது. அன்று அது யாருக்கும் உறைக்கவில்லை.

பொறியியலும் காலுக்கு உதவவில்லை. டூர் தெ பிரான்ஸை நிறுவிய ஆன்ரி தெக்ராஞ்சு, ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் மாற்றும் கருவியைத் தன் போட்டியில் நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. 1937-இல்தான் அது உள்ளே வந்தது. அதுவரை மலையடிவாரத்தில் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். அப்படியும் கிடைத்தவை கனமான கியர்கள். ஒவ்வொரு மிதிக்கும் அதிக விசை வேண்டியிருந்ததால் தசை சீக்கிரம் சோர்ந்தது. இதற்கு எதிர்க்குரல் சேந்த் எத்தியேன் நகரிலிருந்து வந்தது. 1887-இல் சைக்கிள் பயணத்துக்கான இதழ் ஒன்றைத் தொடங்கிய பால் தெ விவி, வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதியவர். இலேசான கியர்கள் பல வேண்டும், பசிக்குமுன் உண்ண வேண்டும், தாகத்துக்குமுன் குடிக்க வேண்டும், களைத்துப்போகும்வரை போகக் கூடாது, வீம்புக்காக மிதிக்கக் கூடாது என்று அவர் பயணிகளுக்கு விதி வகுத்தார். குரக்கு வலியைத் தடுப்பது பற்றி இன்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்த விதிகளுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பந்தய உலகம் அவரைச் சுற்றுலாக்காரர் என்று ஒதுக்கியது.

மருத்துவம் இந்த வலியைக் கவனித்தது சாலையில் அல்ல. சுரங்கத்திலும், நீராவிக் கப்பலின் கொதிகலன் அறையிலும், இரும்பு உலையிலும். அமெரிக்க மருத்துவர் டேவிட் எட்சல் 1908-இல் கடும் வெப்பத்தில் உழைத்தவர்களுக்கு வந்த தசைப்பிடிப்பை விவரித்து எழுதினார். 1920-களில் இங்கிலாந்தின் ஆழமான நிலக்கரிச் சுரங்கங்களில் கே. நெவில் மாஸும் உடலியலாளர் ஜே. எஸ். ஹால்டேனும் இதை ஆராய்ந்தனர். வியர்வையோடு உப்பும் போகிறது. தொழிலாளி வெறும் நீரைக் குடம் குடமாகக் குடிக்கிறார். உடலில் எஞ்சிய உப்பு மேலும் நீர்த்துப்போகிறது. வலி வருகிறது என்பது அவர்கள் கண்டது. குடிநீரில் சிறிது உப்பைக் கலந்ததும் பலன் தெரிந்தது. 1930-களின் தொடக்கத்தில் நெவாடா பாலைவனத்தில் ஹூவர் அணை கட்டப்பட்டபோது முதல் கோடையிலேயே தொழிலாளர்கள் வெப்பத்தால் இறந்தனர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் களைப்பு ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டி. பி. டில், ஜான் டால்பட் ஆகியோர் அங்கே சென்று, பிடிப்பு வந்தவர்களின் இரத்தத்தில் உப்பு குறைந்திருப்பதையும் உப்புநீர் ஏற்றியதும் வலி அடங்குவதையும் பதிவு செய்தனர்.

ஆய்வு நேர்மையானது, முடிவும் அந்தத் தொழிலாளர்களைப் பொறுத்தவரை சரியே. பிழை அடுத்த அடியில் நேர்ந்தது. உலையருகே எட்டு மணி நேரம் வியர்த்தவருக்குக் கைகால் மட்டுமல்லாமல் வயிற்றுத் தசைகளிலும் வந்த வலியையும், சைக்கிளில் 150-ஆவது கிலோமீட்டரில் ஒரு கெண்டைக்காலில் மட்டும் வந்த வலியையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டார்கள். உப்பு மாத்திரை ஆலையிலிருந்து படைக்கும், படையிலிருந்து விளையாட்டு அரங்குக்கும் போயிற்று. 1965-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேடின் குழு அப்பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்காக உப்பும் சர்க்கரையும் கலந்து ஒரு பானத்தை உருவாக்கியது. கேட்டரேடு என்று பெயர்பெற்ற அதன் வெற்றி, உப்புக் கொள்கையை வீட்டுக்கு வீடு பரப்பியது.

விந்தை என்னவென்றால், அதே காலத்தில் சைக்கிள் பந்தயம் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. 1960-களின் டூர் தெ பிரான்ஸில் ஒரு கட்டத்துக்கு ஒருவருக்கு நான்கு புட்டி, அதாவது சுமார் இரண்டு லிட்டர் நீர் மட்டுமே. அதிகம் குடிப்பது கோழைத்தனம், காலைக் கனக்கச் செய்யும் என்ற நம்பிக்கையும் கூடவே இருந்தது. அணியின் கடைநிலை வீரர்கள் வழியிலுள்ள மதுக்கடைகளில் புகுந்து, கையில் அகப்பட்ட புட்டிகளை அள்ளிக்கொண்டு ஓடிவருவது வாடிக்கை. காசு கொடுக்க யாருக்கும் நேரமில்லை. 1950-இல் அல்ஜீரிய வீரர் அப்துல் காதர் ஜாஃப் நீம் நகரை நோக்கிய கட்டத்தில் வெயில் தாங்காமல் மரத்தடியில் சாய்ந்தார். எழுந்தபின் வந்த திசையிலேயே திரும்பி ஓட்டினார் என்ற கதை பிரான்ஸ் முழுக்கப் பரவியது. 1967 ஜூலை 13 அன்று அதே போட்டியின் மோன் வான்ட்டூ மலையேற்றத்தில் வீரர் டாம் சிம்ப்சன் இறந்தார். ஊக்கமருந்தும் மதுவும் வெயிலும் சேர்ந்து அவரைக் கொன்றன. நீரை இறுக்கிப் பிடித்த விதிகளைப் பிற்காலம் கைவிட்டது.

குவினைனுக்கும் இந்த வரலாற்றில் சிறு இடம் உண்டு. மலேரியாவுக்காக நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் 1860-களில் பயிரிடத் தொடங்கிய சின்கோனா மரப்பட்டையின் மருந்துதான் அது. இரவில் வரும் கால்பிடிப்புக்கு அது உதவுகிறது என்று 1940-இல் அமெரிக்க மருத்துவ இதழில் குறிப்பு வந்தபின் பல்லாண்டுகள் தாராளமாக விற்றது. இதயத் துடிப்பையும் இரத்தத் தட்டணுக்களையும் அது பாதிப்பதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1994-இல் கால்பிடிப்புக்காகச் சீட்டின்றி விற்பதை நிறுத்தியது.

உப்புக் கொள்கையின் ஓட்டை எளிய கேள்விகளில் வெளிப்பட்டது. உப்பு குறைந்தால் உடல் முழுவதும்தானே குறையும். ஏன் உழைத்த கால் மட்டும் பிடிக்கிறது? காலை நீட்டியதும் நொடிகளில் வலி விடுகிறதே, அதற்குள் எந்த உப்பு உள்ளே போயிற்று? பிடிப்பு என்பது நரம்பு அனுப்பும் மின்கட்டளைகளின் வெள்ளம் என்பதை 1957-இல் நாரிஸ் குழுவினர் தசையின் மின்பதிவு மூலம் ஆராய்ந்திருந்தனர். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் மார்ட்டின் ஷ்வெல்னஸ் 1997-இல் இதை ஒரு கொள்கையாகத் தொகுத்தார். 2004-இல் நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் இவருடைய குழு செய்த ஆய்வில், பிடிப்பு வந்தவர்களின் இரத்த உப்பும் உடல்நீரும் மற்றவர்களுடையவற்றிலிருந்து பிடிப்புக்குக் காரணம் சொல்லும் அளவுக்கு வேறுபடவில்லை.

இந்த நரம்புக் கொள்கை இதுதான்: தசைக்குள் இருக்கும் நீட்சி உணரிகள் ‘இறுகு’ என்று தூண்டும், தசைநாணில் உள்ள கோல்ஜி உறுப்பு ‘தளர்’ என்று அடக்கும். சோர்ந்த தசையில் தூண்டுதல் ஏறி அடக்கம் குறைகிறது. தசை ஏற்கெனவே சுருங்கிய நிலையில் இருந்தபடி மேலும் இறுகினால் நாணில் இழுவிசை குறைவதால் அடக்கம் இன்னும் தளர்கிறது. காலை நீட்டும்போது நாண் இழுபட்டு, அடக்கும் செய்தி மீண்டும் போகிறது. எட்டிக்கொட்டையின் நஞ்சு வேலை செய்ததும் தண்டுவடத்தின் இதே அடக்கத்தின்மீதுதான்.

சைக்கிளின் அமைப்பு இதனால் முக்கியமாகிறது. இருக்கை அதிக உயரமானால் பெடலை எட்ட விரல்நுனி கீழ்நோக்கிப் போகும். கெண்டைக்கால் சுருங்கிய நிலையிலேயே வேலை செய்யும். தாழ்ந்தால் முழங்கால் அதிகம் மடங்கித் தொடை முன்தசை வீணாக உழைக்கும். இருக்கை உயரத்தை அளந்து சொல்லும் முயற்சிகளில் 1967-இல் ஹாம்லியும் தாமஸும் வெளியிட்டது முன்னோடி. தரையிலிருந்து கவட்டைவரை உள்ள கால் நீளத்தில் 109 விழுக்காடு, பெடலிலிருந்து இருக்கைவரை இருப்பது நல்லது என்றனர்.

நரம்புக் கொள்கைக்கு வலுசேர்த்தது ஊறுகாய்த் தண்ணீர். 2000 செப்டம்பரில் டெக்சஸின் கொடும் வெயிலில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியினர் வெள்ளரி ஊறுகாயின் காடித் தண்ணீரைக் குடித்து ஆடி வென்றனர்; செய்தி பரவியது. உப்புதான் காரணம் என்று எல்லோரும் கருதினர். கெவின் மில்லர் குழு 2010-இல் சோதித்தது. ஆட்களை வெப்பத்தில் சைக்கிள் மிதிக்கவைத்து நீரிழக்கச் செய்து, கால் பெருவிரல் தசையில் மின்னோட்டத்தால் பிடிப்பை உண்டாக்கினர். ஊறுகாய்த் தண்ணீர் குடித்தவர்களுக்குச் சுமார் 85 நொடியில் விட்டது. வெறும் நீர் குடித்தவர்களைவிட விரைவு. அவ்வளவு நேரத்தில் உப்பு குடலைத் தாண்டி இரத்தத்தில் சேர வழியில்லை. வாயிலும் தொண்டையிலும் உள்ள உணரிகளைக் காடியின் புளிப்பு தட்டி, நரம்பின் மூலம் கட்டளையை அடக்குகிறது என்பது விளக்கம். 2003-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற ராட் மக்கினன், கடலில் படகு வலிக்கும்போது தமக்கே வந்த பிடிப்பிலிருந்து தொடங்கி, இஞ்சி, இலவங்கப்பட்டை, மிளகாய்க் காரம் சேர்ந்த பானம் ஒன்றை 2016-இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். வந்த பிடிப்பைக் குறைக்கலாம் என்பதைத் தாண்டி, இனி வராமல் தடுக்கும் என்பதற்கு இவற்றில் உறுதியான சான்று இல்லை.

உப்புக் கொள்கை முற்றிலும் பொய் ஆகிவிடவில்லை. வியர்வையில் இயல்பாகவே அதிக உப்பு வெளியேறுபவர்களுக்கு, நீண்ட வெயில் பயணத்தில் அது இன்றும் பொருந்துகிறது. ஆனால் நீரை அளவின்றிக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்தம் கொடுத்த 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்புக்குக் கீழே போயிருந்தது. அதிகம் குடித்து எடை கூடியவர்களே அவர்களில் மிகுதி.

பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் இன்று போட்டியாக இல்லாமல் 90 மணி நேர வரம்புள்ள பயணமாக நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. அதற்குத் தகுதி தரும் 200 முதல் 600 கிலோமீட்டர்ப் பயணங்கள் தமிழ்நாட்டிலும் நடக்கின்றன. அவற்றில் பிடிப்பு வந்தால் செய்வது பழையபடியே: இறங்கிக் காலை நீட்டிப் பிடிப்பது, வலி விட்டபின் இலேசான கியரில் மெதுவாக மிதிப்பது, பழகிய வேகத்துக்கு மேல் போகாதிருப்பது. நீட்டியும் விடாமல் திரும்பத் திரும்ப வந்து, தசை வீங்கி, சிறுநீர் கருத்துப் போனால் அது குரக்கு வலி அல்ல. தசைச் சிதைவின் அறிகுறி. சைக்கிளை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.