பெரியாறு கட்டிய கதை – 7: முறைக்காய்ச்சல்

போன வாரம், கூடலூர்ப் பக்கமிருந்து மலையேறிய கூலிக் கூட்டத்தைப் பெரியாற்றங்கரையில் விட்டுவந்தோம். ஆண்டு 1887. பென்னிகுயிக் அணை வேலையைத் தொடங்கிவிட்டார். யானைக்கும் புலிக்கும் பயந்து வந்தவர்களைப் படுக்கையில் தள்ளியது வேறொன்று.

முதலில் குளிர். உச்சிவெயிலிலும் கம்பளி கேட்கும் நடுக்கம். பிறகு உடம்பு கொதிக்கும், வியர்த்து ஊற்றி இறங்கும். பிழைத்தோம் என்று எழுந்து மண்வெட்டியைத் தொட்டால், ஒருநாள் விட்டு மறுநாள் மறுபடி நடுக்கம். 1850-இல் இங்கே அணை கட்டும் முதல் முயற்சி நின்றதே இதனால்தான்: இந்த மலைவாசம் உடம்புக்கு ஆகாது, கூலியைக் கூட்டு என்றார்கள் ஆட்கள். நியாயமான கோரிக்கை.

அழுகும் இலையிலிருந்து எழும் கெட்ட காற்றே காரணம் என்பது அன்றைய வைத்தியம். சாராயம் மட்டும் இல்லையென்றால் அணை முடிந்திருக்காது என்ற பொருள்பட, 1899-இல் இத்திட்டத்தின் வரலாற்றை எழுதிய பொறியாளர் மெக்கென்சி சொல்கிறார். சாராயம் குளிரை மறக்கடித்திருக்கும், பயத்தையும். நோயைத் தொட்டிருக்காது. தொடக்கூடிய மருந்தான கொய்னாவுக்குரிய சின்கோனா மரம் அப்போதே நீலகிரியில் வளர்ந்துகொண்டிருந்தது.

இத்தனைக்கும் குற்றவாளியை ஒருவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். 1880-இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு ராணுவ மருத்துவர் லவெரான், நோயாளியின் ரத்தத்தில் கரும்பொடி ஏந்திய உயிரிகளைக் கண்டார். இந்த ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் புகுந்து, அதைத் தின்று பெருகும். அணுக்கள் கூட்டமாக வெடிக்கும்போது நடுக்கம் வரும். ஒருநாள் விட்டு வரும் வகையில் இதற்கு ஏறத்தாழ 48 மணி நேரம் ஆகும். முறை தவறாததன் ரகசியம் அதுதான். ஆனால் ரத்தத்துக்குள் அது எப்படி வந்தது?

கொசு என்று இன்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். எல்லாரும் நினைப்பதுபோல் சாக்கடைக் கொசு அல்ல. மேற்கு மலையடிவாரங்களில் மலேரியா பரப்பும் அனாபிலஸ் ஃபுளூவியாடிலிஸ், தெளிந்து மெல்ல ஓடும் ஓடையின் ஓரத்தில் முட்டையிடும். தென்மேற்குப் பருவமழையை மலையின் மேற்குச் சரிவு வாங்கிக்கொள்ள, கம்பம் பள்ளத்தாக்கு மழை மறைவில் காய்ந்தது. அந்த மேற்கத்தித் தண்ணீரைத் தேடித்தான் இவர்கள் ஏறினார்கள். கொசுவுக்கும் அதே தண்ணீர்தான் தொட்டில்.

1895 அக்டோபர் 10. கவர்னர் வென்லாக் திறந்துவைக்க, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே தண்ணீர் கிழக்கே இறங்கியது. காய்ச்சலில் போனவர்கள் அணைக்கருகே கல்லறையில் கிடந்தார்கள்.

ஒரு வருஷம் பத்து மாதம் கழித்து, 1897 ஆகஸ்ட் 20. 1881-இல் மதராஸ் மாகாண மருத்துவப் பணியில் சேர்ந்த ரொனால்ட் ராஸ், இப்போது செகந்திராபாதில். மலேரியா நோயாளி உசேன் கானின் ரத்தம் குடித்த கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்து, எதுவும் அகப்படாமல், மிச்சமிருந்த ஒன்றிரண்டில் ஒன்றை நுண்ணோக்கியின் கீழ் வைக்கிறார். இரைப்பைச் சுவரில், இருக்கவே கூடாத சில உருண்டை அணுக்கள். அவற்றுக்குள்ளே கரும்பொடி!

லவெரான் பார்த்த அதே பொடியா?

(தொடரும்)