ஊசி இழுக்கும் கையும் ஸ்கேனில் தெரியாத வலியும்: வேலூர்–ஆம்பூர் தோல் வட்டாரத்தில் நோய்ப்பெயர் தேடுதல்

அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தபோது, தொழுநோயாளியின் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்றுதான் மருத்துவ உலகம் பொதுவாக நம்பியிருந்தது. துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் தம்மால் திறக்க முடியாமல் அவர் நின்றபோது, ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே முறுக்கில் திறந்துவிட்டான். அவன் விரல் எலும்புவரை கிழிந்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. விரல்களை அழித்தவை கவனிக்கப்படாத காயங்கள், காயங்கள் கவனிக்கப்படாததற்குக் காரணம் வலி அற்றுப்போனது என்ற முடிவுக்கு பிராண்ட் வந்த வழியில் அந்தப் பூட்டுக்கும் இடம் உண்டு. இரவில் எலி கடித்தாலும் தெரியாது என்பதால் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். மருந்துச் சீட்டில் பூனை எழுதிய மருத்துவமனைகள் உலகில் அதிகம் இருக்காது. காயம் இருந்தும் வலி இல்லாமல் போகலாம் என்பதை உலகுக்கு நிறுவிக் காட்டியதில் இந்த மண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் மறுபக்கமான, காயம் தென்படாமலே வலி இருக்கலாம் என்பதை மட்டும் ஏற்கத் தயங்குகிறோம். இத்தயக்கமே ‘காரணம் தெரியாத வலி’ என்ற வகையைப் பெருமளவு உண்டாக்குகிறது என்பதும், தோல் வட்டாரத்தில் அதற்கான விடையின் ஒரு பெரும்பகுதி உழைப்பின் வரலாற்றில் கேட்கப்படாமல் கிடக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் தொழிலில் வெளியாள் கண்ணில் படுவது டேனரி: சுண்ணாம்புத் தொட்டி, சுழலும் டிரம், நீலம் பாய்ந்த ஈரத்தோல். கண்ணில் படாதது காலணியின் மேல்பாகமான அப்பரைக் கையால் தைக்கும் வேலை. தொழிற்சாலையில் வெட்டி முடித்த துண்டுகள் ஏஜெண்டு வழியாக வீடுகளுக்கு வரும். பெண்கள் தைத்துத் திருப்பி அனுப்புவார்கள். கூலி ஜோடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. ஆம்பூரின் இந்த வீட்டுத் தையல்காரர்களைப் பற்றித் தொழிலாளர் உரிமை அமைப்புகள் 2016-இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. வேலையைச் சற்றே அருகிருந்து பார்ப்போம். தரையில் உட்கார்ந்து, தோலை மடியில் இறுக்கிக்கொண்டு, கழுத்தைக் கவிழ்த்துக் கண்ணைத் துளையில் வைக்க வேண்டும். தடித்த ஊசி தோலுக்குள் எளிதில் போகாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நெரித்துத் தள்ள வேண்டும். பிறகு மெழுகேறிய நூலை இரு கைகளாலும் பக்கவாட்டில் வீசி, தையல் சுருங்கி இறுகும்வரை இழுக்க வேண்டும். நூலை இழுக்கையில் முழங்கை தோள்வரை விரிகிறது; முதுகு அசைவதில்லை. ஒரு ஜோடிக்கு இது எத்தனை முறை என்று எண்ணிப் பார்த்தால், கழுத்திலும் தோளிலும் மணிக்கட்டிலும் வரும் நோவுக்கு வேறு மர்மம் தேட வேண்டியதில்லை. ஆனால் நோவு ஓர் இடத்தில் நிற்பதில்லை. சில ஆண்டுகளில் உடம்பெல்லாம் பரவி, தூக்கத்தைக் கெடுத்து, ஊசியைக் கீழே வைத்த நாட்களிலும் தொடர்கிறது. ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் ‘நார்மல்’ என்று வருவது அந்தக் கட்டத்தில்தான்.

இந்த இடத்தில் பிராண்டின் இன்னொரு முயற்சி, அவர் தோற்ற முயற்சி, நமக்கு உதவுகிறது. அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு, உணர்விழந்த கைகளுக்குச் செயற்கை வலியைத் தரும் கருவி ஒன்றை உருவாக்க அவரது குழு பல ஆண்டுகள் பாடுபட்டது. கையுறையில் அழுத்த உணரி; அழுத்தம் மிஞ்சினால் ஒலி, அது போதாதென்றால் மின் அதிர்ச்சி. திட்டம் கைவிடப்பட்டது. கருவியின் கோளாறு ஒரு பக்கம் இருக்க, எச்சரிக்கை கேட்டும் செய்ய வேண்டிய வேலை முன்னால் இருந்தபோது நோயாளிகள் அதை அணைத்துவிட்டுச் செய்தார்கள் என்பது முக்கியமான காரணம். வலி வெறும் தகவல் அல்ல, கட்டளை என்பதை பிராண்ட் அதிலிருந்து தெரிந்துகொண்டார். ஜோடிக்கணக்கில் தைப்பவரின் நிலை இதற்கு நேர்மாறு. அவரிடம் இருப்பது இயற்கை தந்த கருவி. அதை அணைக்க முடியாது. ‘நிறுத்து’ என்ற கட்டளை முழுவேகத்தில் வருகிறது. நிறுத்தினால் அன்றைய கூலி போச்சு, மறுமுறை ஏஜெண்டு மூட்டையை அடுத்த வீட்டில் இறக்குவார். கட்டளை ஆண்டுக்கணக்கில் மீறப்பட்டால் கட்டளையிடும் நரம்பமைப்புக்கு என்ன ஆகும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அதற்கு ஒரு பகுதி விடை 1983 முதல் கிடைத்துவருகிறது. இடைவிடாத வலித் தூண்டல் தண்டுவட நரம்பணுக்களின் கூருணர்வையே உயர்த்திவிடுகிறது என்பதை நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபர்ட் வூல்ஃப் அந்த ஆண்டில் சோதனையால் காட்டினார். பிறகு தொட்டாலும் வலிக்கும். முதல் காயம் ஆறியும் வலி ஆறாமல் போகலாம். தையல் வேலைதான் ஒவ்வொருவரிடமும் இம்மாற்றத்தை உண்டாக்கியது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் ஸ்கேன் ஏன் வாய் திறப்பதில்லை என்பது புரிகிறது. ஸ்கேன் பேசும்போதும் அதை அப்படியே நம்ப வழியில்லை. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்து 2015-இல் வெளிவந்த ஆய்வில், இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் ஐம்பது வயதினரில் 80 விழுக்காட்டினருக்கும் முதுகெலும்புத் தட்டுகளில் தேய்மானம் தெரிந்தது. ‘எலும்பு தேய்ஞ்சிருக்கு’ என்று சொல்லப்பட்டு அதையே தன் வலியின் பெயராகச் சுமப்பவர்களில் எத்தனை பேருக்குத் தேய்மானம் வெறும் வயதின் தடமோ! உலகச் சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய்ப் பட்டியல் 2022-இல் நடைமுறைக்கு வந்தபோது, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, மனத்தை வாட்டி அல்லது அன்றாடத்தைக் குலைத்து நிற்கும் வலியை, அதைவிடப் பொருத்தமான வேறு நோய்ப்பெயர் இல்லாதபோது, ‘முதன்மை நாட்பட்ட வலி’ என்று தனி நோயாகவே பதியலாம் என்றது. ஆக, பெயர் இல்லை என்ற காலம் போய்விட்டது.

பெயரைக் கொடுத்துத் தேடலை மூடிவிடுவது ஆபத்தாயிற்றே என்ற மறுப்பு வரும். அது வலுவான மறுப்பு. வரலாறும் அதன் பக்கம் நிற்கிறது. சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் கழுத்தும் முதுகும் விறைத்துப்போய் வலியால் துடித்தவர்களின் நோய்க்குக் காரணம் கிணற்று நீரின் ஃபுளோரைடு என்று ஆய்வாளர் ஷார்ட்டும் அவர் குழுவினரும் 1937-இல்தான் எழுதினார்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் மூட்டுவலியாக மட்டும் நிற்கக்கூடிய நோய் அது. நம் தோல் வட்டாரத்தின் பக்கத்து மாவட்டங்களான தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் 2013-இல் ஒகேனக்கல் குடிநீர் வந்ததன் பின்னணியும் அந்த ஃபுளோரைடுதான். வேலூரிலேயே 1964-இல் சிக்குன்குன்யா பரவி ஆராயப்பட்டது. 2006-இல் நாட்டளவில் பதின்மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு அந்தக் காய்ச்சல் இருக்கலாம் என்று பதிவானது. காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் மூட்டைப் பிடித்து ஆட்டிய வலியை அன்று எத்தனையோ பேர் பெயரில்லாமல் அனுபவித்தார்கள். ஆகவே மறுப்பை ஏற்கிறேன், அதன் முடிவை ஏற்கவில்லை. நெல்லூரின் புதிருக்கு விடை எலும்புக்குள் மட்டும் இல்லை. எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்ற கேள்வியிலும் இருந்தது. தேடலை நீட்டுவதென்றால் அடுத்த ஸ்கேனுக்கு எழுதுவது என்று பழகிவிட்டோம். குடிக்கும் நீரையும், வந்துபோன காய்ச்சலையும், கை செய்த வேலையையும் விசாரிப்பதும் தேடல்தான், செலவும் குறைவு.

அப்படியானால் எல்லாம் தோல் தொழிற்சாலைக் கழிவின் வினைதான் என்று ஊரில் பலர் சொல்வதை ஒப்புக்கொள்ளலாமா? வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தபோது, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதைக் குறிப்பிட்டது. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் வேறு. ஊராரின் ஆத்திரத்துக்கு நியாயம் உண்டு. எனினும் குரோமியத்தின் மீது உறுதியாகச் சாட்டக்கூடிய குற்றங்கள் தோல் புண், மூக்குத் தடுப்புச் சுவரில் ஓட்டை, அறுஇணைதிற வடிவத்தால் நுரையீரல் புற்றுநோய் ஆகியவை. உடம்பெங்கும் பரவும் தசைவலி அப்பட்டியலில் நிறுவப்படவில்லை. ஆற்றின் மீதான பழியை வலியின் மீதும் ஏற்றினால், நிரூபிக்க முடியாத காரணத்தைப் பிடித்துக்கொண்டு, நிரூபிக்கக்கூடிய காரணமான ஊசியையும் உட்காரும் விதத்தையும் கூலிக் கணக்கையும் கோட்டை விடுவோம்.

மறுகோடியில் ‘எல்லாம் மனசுதான்’ என்ற தீர்ப்பு. கேட்பவருக்கு அது ‘பொய் சொல்கிறாய்’ என்றே விழுகிறது. தமிழ் இந்த விஷயத்தில் மருத்துவத்தைவிட நிதானமானது: கைகாலுக்கும் உளைச்சல், மனத்துக்கும் உளைச்சல். குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், மதமதப்பு என்று இடத்துக்கும் தன்மைக்கும் ஏற்பச் சொல் மாற்றுபவர் உண்மையில் மருத்துவருக்குத் தரவு தருகிறார். எரிச்சலும் மதமதப்பும் நரம்பைச் சுட்டலாம். கடுப்பு தசையைச் சுட்டலாம். ஆம்பூர், வாணியம்பாடியில் இத்தகைய வலிச்சொற்கள் உருதுவிலும் வரும். இவை அனைத்தும் சீட்டில் ‘உடல்வலி’ என்று ஒரே சொல்லாகும்போது தொலைவது கொஞ்சமல்ல. மனச்சோர்வு நாட்பட்ட வலியோடு சேர்ந்தே வருவதும் உண்மை. ஆனால் வறுமையும் வாழ்க்கை நெருக்கடியும் தரும் துயரத்தை அவற்றின் சூழலிலிருந்து பிய்த்து மனநோய்ப் பெயர் சூட்டுவதை எதிர்த்து எழுதியவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவராக இருந்த கே. எஸ். ஜேக்கப். மாத்திரை வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். மாத்திரையோடு கூலிக் கணக்கும் பேசப்பட வேண்டும்.

சட்டம் இதில் என்ன செய்கிறது? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அரசுக்கு அறிவிக்க வேண்டிய 29 நோய்களைப் பட்டியலிட்டது. குரோமியப் புண் அதில் இருந்தது. தைத்துத் தைத்துக் கழுத்தும் தோளும் போனது அதில் இடம்பெறவில்லை. இருந்திருந்தாலும் வீட்டுத் திண்ணை தொழிற்சாலை ஆகாது. டேனரித் தொழிலாளியின் புண்ணைக் கண்ணால் காணலாம், எண்ணலாம், ஆகவே அட்டவணையில் ஏறியது. வலியை அப்படி எண்ண முடியாதே என்பார்கள். முடியாதுதான், ஆனால் வேலையை எண்ணலாம்: எத்தனை மணி நேரம், எத்தனை ஜோடி, எத்தனை ஆண்டு. இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1700-இல் தொழில் நோய்களைப் பற்றி எழுதிய நூலில் தோல் பதனிடுவோருக்கும், உட்கார்ந்தே வேலை செய்யும் செருப்புத் தைப்போருக்கும் தையற்காரருக்கும் இடம் தந்தார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்பவற்றோடு ‘என்ன தொழில் செய்கிறாய்’ என்பதையும் சேர்க்கச் சொன்னவர் அவர். நம் புறநோயாளிச் சீட்டில் அந்தக் கேள்விக்குக் கட்டம் இருந்தாலும், வீட்டில் தைப்பவர் தன்னைத் தொழிலாளி என்று சொல்லிக்கொள்வது அரிது. ‘வீட்ல சும்மாதான் இருக்கேன்’ என்பார். கட்டத்தில் ‘இல்லத்தரசி’ என்று விழும். ‘வீட்டில் உட்கார்ந்து என்ன தைக்கிறீர்கள், நாளைக்கு எத்தனை ஜோடி?’ என்று கேட்டால் அந்தக் கட்டத்தில் வேறு ஒரு சொல் விழும்.