மின்வாகன சார்ஜிங் செயலிகளுக்கு இடையே டிஜிட்டல் கையொப்பம்: போலிக் கோரிக்கை பிடிபடுவது எப்படி?

மின்சார கார் வைத்திருப்பவர்களின் கைப்பேசியில் பல சார்ஜிங் செயலிகள் இருப்பது இந்தியாவில் வழக்கமாகிவிட்டது. இந்தத் தொல்லையைத் தீர்க்க முன்வைக்கப்பட்டதே யுஇஐ எனப்படும் யூனிஃபைட் எனர்ஜி இன்டர்ஃபேஸ். ஒரு நிறுவனத்தின் செயலியிலிருந்தே மற்றொரு நிறுவனத்தின் சார்ஜரைத் தேடவும் முன்பதிவு செய்யவும் பணம் செலுத்தவும் வழிசெய்வது இதன் நோக்கம். ஓஎன்டிசி வலையமைப்பு பயன்படுத்தும் அதே பெக்கன் நெறிமுறையே இதற்கும் அடிப்படை.

முன்பின் அறியாத இரு நிறுவனங்களின் சர்வர்கள் இவ்வாறு பேசிக்கொள்ளும்போது, வந்த கோரிக்கையை அனுப்பியது உண்மையில் அந்தச் செயலிதானா என்பதை உறுதி செய்தாக வேண்டும். இல்லையெனில் ஒருவர் பெயரில் மற்றொருவர் சார்ஜ் செய்துகொள்ள முடியும்.

ஐரோப்பாவில் பரவலாக உள்ள ஓசிபிஐ நெறிமுறையில், முன்கூட்டியே பரிமாறிக்கொண்ட டோக்கன் ஒவ்வொரு கோரிக்கையுடனும் அனுப்பப்படுகிறது. அது ஏறக்குறைய கடவுச்சொல் போன்றதே. கசிந்தால், கையில் கிடைத்தவர் எவரும் அந்த நிறுவனமாக வேடமிடலாம். பெக்கன் நெறிமுறை இதற்குப் பதில் கையொப்பத்தைக் கேட்கிறது.

அனுப்பும் நிறுவனம் முதலில் கோரிக்கையின் முழு உள்ளடக்கத்தையும் 'பிளேக்' என்ற ஹேஷ் முறையில் 512 பிட் கைரேகையாகச் சுருக்குகிறது. கோரிக்கை உருவான நேரம், காலாவதியாகும் நேரம், இந்தக் கைரேகை ஆகிய மூன்றையும் சேர்த்து, தன்னிடம் மட்டுமே உள்ள ரகசியச் சாவியால் 'எட்25519' முறையில் கையொப்பமிடுகிறது. பெறும் நிறுவனம், வலையமைப்பின் பொதுப் பதிவேட்டிலிருந்து அனுப்புநரின் பொதுச் சாவியை எடுத்துச் சரிபார்க்கிறது. கட்டணத்தில் ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் கைரேகை பொருந்தாது, கோரிக்கை நிராகரிக்கப்படும். பதில்களும் இவ்வாறே கையொப்பமிடப்படுகின்றன.

பணத் தகராறுகளில் இதன் பயன் கூடுதலாகத் தெரியும். டோக்கன் இரு தரப்பினரிடமும் இருப்பதால், ஒரு கோரிக்கையை யார் உருவாக்கினார் என்பதை அதைக் கொண்டு நிறுவ இயலாது. கையொப்பத்தையோ ரகசியச் சாவி உள்ளவர் மட்டுமே இட முடியும். முன்பதிவை உறுதிசெய்துவிட்டு, பின்னர் "நாங்கள் அனுப்பவில்லை" என்று ஒரு நிறுவனம் மறுப்பது கடினம்.

நடைமுறைச் சிக்கல்கள் பெரும்பாலும் சிறிய இடங்களில்தான் எழுகின்றன. வந்த ஜேசான் தரவை மென்பொருள் பிரித்து மீண்டும் அடுக்கும்போது ஓர் இடைவெளி கூடினாலோ, புலங்களின் வரிசை மாறினாலோ கைரேகை வேறாகிவிடும். எனவே வந்த பைட்டுகளை அப்படியே வைத்துச் சரிபார்க்க வேண்டும். சர்வரின் கடிகாரம் பிசகினால், முறையான கோரிக்கையும் காலாவதியானதாகத் தோன்றும். இவற்றால் அலுத்துப்போய்ச் சோதனைக் காலத்தில் சரிபார்ப்பை நிறுத்திவைக்கும் பொறியாளர், பின்னர் அதை இயக்க மறந்தால், கையொப்பம் இருந்தும் பயனில்லை. ரகசியச் சாவி திருடப்பட்டாலும் அதே நிலைதான். உடனே பதிவேட்டில் பழைய சாவியை நீக்கிப் புதியதைப் பதிய வேண்டும்.

கையொப்பம் தகவலை மறைப்பதில்லை. அது டிஎல்எஸ் குறியாக்கத்தின் வேலை. ரசீதில் உள்ள யூனிட் கணக்கு சரியா என்பதையும் அது சொல்லாது. அதற்கு மீட்டரே தன் அளவீட்டில் கையொப்பமிட வேண்டும். ஜெர்மனியில் அளவீட்டுச் சட்டத்துக்கு உட்பட்ட சார்ஜர்களில் இம்முறை நடைமுறையில் உள்ளது. வாடிக்கையாளரே தனி மென்பொருள் மூலம் அந்த அளவீட்டைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.