விழிஞமும் ஓலையில் வாழ்ந்த குடும்பங்களும்

விழிஞம் என்றவுடன் வரலாறு கற்றோர் நெஞ்சில் ஆய் வேந்தரின் துறைமுகமும், அதனை வென்ற சோழரைப் பாடும் கலிங்கத்துப்பரணியும் தோன்றும். அரசர் பெயர்களைக் கல்லும் செப்பேடும் காத்தன. அக்கரையை அடுத்த வயல்களில் சேறு மிதித்தவர் பெயர்களைக் காத்தது எது?

திருவிதாங்கூரில் புலையர், பறையர், குறவர் முதலிய குடிகளைச் சேர்ந்த பலர் நிலத்தோடு பிணைக்கப்பட்ட அடிமைகளாய் இருந்தனர். 1836ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டு மக்கள் 12,80,668 பேர். அவருள் அடிமைகள் 1,64,864 பேர். ஏறத்தாழ எண்மருக்கு ஒருவர்! நிலம் கைமாறினால் அவர்களும் கைமாறினர். 1812இல் இராணி கௌரி இலட்சுமிபாய் அடிமை வாணிகத்தைத் தடுத்தபோதும், நிலத்தோடு சேர்ந்த அடிமைகள் அத்தடைக்கு விலக்காயினர். 1853ஆம் ஆண்டு ஆணை அரசின் அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகளையே விடுவித்தது. 1855ஆம் ஆண்டு ஆணைதான் அனைவரையும் விடுவித்தது.

இம்மக்களின் வாழ்வை ஆராய்வோர்க்கு நேரும் இடர்ப்பாடு ஒன்று உண்டு. கடல் கடந்து ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றோர்க்குத் தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் கொண்ட பதிவேடுகள் உள்ளன. பேரர்கள் அவற்றைப் புரட்டி வேரைக் காண்கின்றனர். அடிமைக் குடும்பமோ பிறருடைய சொத்துப் பட்டியலில்தான் காணப்படும். நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரத்தில் கவிமணி கண்டெடுத்த பெரியவீட்டு முதலியார் ஓலைகளைப் பின்னர் அ. கா. பெருமாள் பதிப்பித்தார். அவற்றுள் அடிமைகளைப் பற்றிய ஆவணங்களும் உள. அவற்றை எழுதுவித்தோர் நோக்கம் உடைமையைக் காப்பது. நாம் தேட வேண்டுவதோ அவ்வுடைமைக்குள் மறைந்த தாயையும் மகவையும். ஆதலின் ஓலையோடு திருச்சபைப் பதிவேடுகளையும், மூத்தோர் பாடும் பாட்டையும், குலதெய்வக் கதைகளையும் ஒப்பிட்டுக் காணல் வேண்டும். ஒன்று சொல்லாததை மற்றொன்று சொல்லக்கூடும்.

ஆணை வந்தவுடன் வாழ்வு மாறிவிடவில்லை. விழிஞத்தை அடுத்த வெங்ஙானூரில் 1863இல் பிறந்தவர் அய்யன்காளி. விடுதலை ஆணைக்கு எட்டாண்டு பிற்பட்டுப் பிறந்தும் பொதுவழியில் நடக்கும் உரிமை அவருக்கு இல்லை. 1893இல் வில்வண்டி ஏறி அவ்வழியே சென்றார். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கம் கண்டார். 1911இல் ஸ்ரீமூலம் பிரஜா சபையின் உறுப்பினரானார். பள்ளிக்கூட வாயில் தம் மக்களுக்குத் திறக்கவேண்டும் என்று போராடினார். எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்கள் தம் வரலாற்றைத் தாமே எழுதி வைக்க இயலாமற்போனதில் வியப்பென்ன?

அயல்நாட்டில் வாழும் அன்பர்களே! நும் தாயக இல்லத்துப் பரண்மேல் பழைய ஓலைக்கட்டு கிடக்கலாம். நும் முன்னோர் அதில் உடையவராய் இருந்திருக்கலாம், உடைமையாய் இருந்திருக்கலாம். எவ்வாறாயினும் அதனை எரித்துவிடாதீர், நாணி மறைத்துவிடாதீர், படிக்க வல்லாரிடம் காட்டுங்கள். அதிலுள்ள ஒரு பெயர், எங்கோ ஒரு குடும்பம் தன் பாட்டியைப்பற்றி அறியக்கூடிய ஒரே எழுத்தாய் இருக்கலாம்.