கலஹா மலையிற் கடனும் முதலும்

கலஹாவிற்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டமை யாவரும் அறிந்ததே. அத்தோட்டத்தின் வரலாறு, கடன் யாது, முதல் யாது என்னும் வினாவிற்கும் ஒளி தருகின்றது.

கடன் கொடுத்தோன் விளைவு பொய்ப்பினும் வட்டிக்கு உரியவன். முதலிட்டோன் இலாபத்திற் பங்கு பெறுவான், நட்டத்தையும் தாங்குவான். கோப்பிக் காலத்தில் ஓரியண்டல் வங்கி தோட்டங்களை ஈடாகக் கொண்டு கடன் வழங்கிற்று. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கவே, ஈடுவைத்த தோட்டங்கள் பல வங்கியிடமே வந்து சேர்ந்தன. பயிரின் கேடு கடன் கொடுத்தோரின் கேடாயிற்று; 1884இல் அவ்வங்கியும் வீழ்ந்தது. லூல்கந்துர, ஓரியண்டல் வங்கித் தோட்டக் கம்பனியின் உடைமையாயிற்று.

1932இல் இலங்கையில் வருமான வரிக் கட்டளைச் சட்டம் வந்தபின் இவ்வேறுபாடு அரசிறையையும் தொடலாயிற்று. தொழிலுக்கென வாங்கிய கடனின் வட்டி இலாபத்தினின்று கழிக்கப்படும், பங்கிலாபம் கழிக்கப்படாது. ஆகவே பங்காளர் தம் முதலைக் கடனெனப் பெயரிடின் கம்பனியின் வரி குறையும். அக்குறையை ஏனைய வரியிறுப்போர் சுமப்பர். 2017ஆம் ஆண்டின் உண்ணாட்டரசிறைச் சட்டம் கழிக்கத்தக்க நிதிச் செலவிற்கு எல்லை வகுத்தது.

திருப்பித் தரும் நாள், வட்டி வீதம், ஈடு ஆகியன உளவா என ஆராய்தல் முறை. அவற்றினும் மேலாக, நட்டம் வருங்கால் அதனைத் தாங்குவோன் யாவன் என நோக்குதல் வேண்டும். கலஹா மலை உணர்த்தும் உண்மை இதுவே.